நுரையீரல் தழும்பு மருந்தில் கரையுமா?
தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பல வருஷம் மணல் பீய்ச்சும் வேலை பார்த்த அப்பாவுக்கு நுரையீரலில் தழும்பு, அது மருந்தில் கரையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கரையாது. காற்றறைகளின் சுவர் தடித்து விறைத்துப்போவதால் ஆக்சிஜன் ரத்தத்துக்குள் போகச் சிரமப்படுகிறது, அதனால்தான் உட்கார்ந்திருக்கும்போது நன்றாக இருப்பவருக்கு நாலு படி ஏறினதும் மூச்சு வாங்குகிறது. நின்டெடனிப் மாதிரி மருந்துகள் சில வகைத் தழும்புகள் பரவுவதை மெதுவாக்கும், அவ்வளவுதான்.

மணலிலிருந்து வரும் சிலிக்கா தூசி பட்ட நுரையீரலில் காசநோய் சுலபமாகப் புகுந்துவிடும், வேலையை விட்டுப் பல வருஷம் ஆனாலும்கூட; இருமல் கூடினாலோ எடை குறைந்தாலோ ராத்திரி வேர்த்தாலோ உடனே சளிப் பரிசோதனை கேளுங்கள். புகை வேண்டவே வேண்டாம், வீட்டில் போடும் சாம்பிராணி உட்பட. ஃப்ளூ தடுப்பூசியைக் குளிர்காலத்துக்கு முன்பே போட்டுவிடுங்கள். அப்புறம், விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டரை அவர் நடந்து முடித்த கையோடு பாருங்கள், 88 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் டாக்டரிடம் சொல்லுங்கள்.