கோடைக் கேள்வி பதில்: கத்திரி வெயிலை வீணாக்காதீர்கள்

கே: சித்திரை வந்தால் பாட்டி வீட்டு மாடியே கூழ் வடாமாக இருக்கும். இப்போது பேரப்பிள்ளைகளோடு நான் பிழிந்தால், காய்ந்ததும் உதிர்கிறது; உதிராதது பொரிக்கும்போது நடுவில் கடுக்கென்று நிற்கிறது. காரணம் என்ன?
– வாசகி, குடியாத்தம்

ப: இவை இரண்டு தனிக் குறைகள். உதிர்வது மாவு வேகாததால். கடுக்கென்பது ஈரம் போகாததால்.

பச்சரிசி மாவு 4 டம்ளருக்கு ஜவ்வரிசி அரை டம்ளர், தண்ணீர் 10 முதல் 12 டம்ளர். ஊறிய ஜவ்வரிசி கண்ணாடியாகும் வரை கொதிக்கட்டும். பச்சைமிளகாய் விழுது, பெருங்காயம், உப்பு சேர்த்து, கொஞ்சம் தண்ணீரில் கரைத்த மாவை ஊற்றிச் சிறு தீயில் கிளறுங்கள். கூழில் உப்பு சற்றுக் குறைவாகத் தெரிவதே சரி. நீர் வற்றியதும் ஏறிவிடும். மாவின் வெள்ளை மறைந்து பளபளப்பு வர வேண்டும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக்கூடாது. பலர் அவசரப்படுவது இந்த இடத்தில்தான். ஒட்டினால் மூடிபோட்டு இன்னும் ஐந்து நிமிடம் விடுங்கள். எலுமிச்சைச் சாறு, இறக்கி ஆறிய பிறகு.

இரவே கிளறி வைத்துவிட்டால் காலை 6 மணிக்குப் பிழியலாம். வெயில் ஏறிய பின் பிழிந்தால் அனல்காற்றில் கூழின் மேல்பக்கம் ஏடு கட்டி, இழை அறுந்து அறுந்து விழும். பழைய பருத்தி வேட்டிதான் விரிப்புக்கு நல்லது. அடி ஈரத்தையும் அது இழுத்துக்கொள்ளும். மாலையில் துணியைத் திருப்பிப் போட்டுப் பின்புறம் தண்ணீர் தெளித்தால் வடாம் தானே கழன்று வரும். பிறகு தாம்பாளத்தில் பரப்பி இன்னும் இரண்டு நாள் காயவையுங்கள். ஒடித்தால் 'சட்'டென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னொரு நாள் வெயில் வேண்டும். மே 4 முதல் 28 வரையிலான வேலூர் வெயிலைவிட இதற்கு நல்ல அடுப்பு கிடையாது. ஆனால் சாயங்காலம் திடீரென இடிமழை வரும் நாட்களும் அவைதான், 4 மணிக்கே எடுத்துவிடுங்கள்.

கே: தாத்தா வீட்டுப் பானைத் தண்ணீர் பல் கூசும். நான் வாங்கிய மண்பானை முதல் மாதம்தான் குளிர்ந்தது. ஏன்?
– வாசகர், ஆற்காடு

ப: பானை கசிந்தால்தான் தண்ணீர் குளிரும். கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் சூட்டையும் எடுத்துப் போகிறது. நீங்கள் ஊற்றுவது போர் தண்ணீராக இருந்தால் அதன் உப்பு நுண்துளைகளை அடைத்திருக்கும். வெளிப்புறம் வெள்ளைத் திட்டுகள் தெரிகிறதா பாருங்கள். காலி செய்து, எலுமிச்சை மூடியால் தேய்த்து, தேங்காய் நாரால் அலசி, ஒரு நாள் வெயிலில் வையுங்கள். சோப்பு வேண்டவே வேண்டாம், வாடை தண்ணீரில் இறங்கும். பெயின்ட் அடித்த பானை என்றால் எதுவும் பலிக்காது. ஈர மணல்மேல், காற்று வரும் ஜன்னலோரம் வைப்பது நல்லது. நம் ஊரின் வறண்ட காற்று ஈரத்தைச் சீக்கிரம் இழுக்கும். கடற்காற்று வீசும் சென்னையில் அதே பானை இவ்வளவு குளிராது.

கே: பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டை எத்தனை வேண்டும்?
– வாசகி, வாலாஜாபேட்டை

ப: ஆளுக்கு 7 குழி, மொத்தம் 14. குழிக்கு 5 வைத்தால் 70, 6 வைத்தால் 84. சிறு பிள்ளைகளுக்கு 5 போதும். ஒரு குழியில் 4 சேர்ந்தால் 'பசு'. அந்தக் குழிக்கு உரியவர் உடனே எடுக்க வேண்டும், ஐந்தாவது விழுந்துவிட்டால் போச்சு. கொட்டைகளைக் கழுவிக் காயவைத்துக்கொள்ளுங்கள். புளிப்பிசுக்கு இருந்தால் இரண்டு ஒட்டிக்கொண்டு விழுந்து கணக்கு கெடும்.