பன்னிரண்டு வயதில் நின்றுபோன பாடம்

கேள்வி: நான் உயிரியல் இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவி. 12 வயது வரை மத்ரஸாவில் ஓதினேன். அதன்பின் பள்ளிப் படிப்புக்கே நேரம் போதவில்லை. பரிணாமப் பாடம் தொடங்கியதிலிருந்து மனம் குழம்பிக் கிடக்கிறது. நான் ஹிஜாப் அணிவதால், உலகில் எங்கே எது நடந்தாலும் வகுப்பில் என்னிடம்தான் விளக்கம் கேட்கிறார்கள். தோழிகளிடம் நூலகத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, ஆய்வகச் சாமான்கள் வைக்கும் அறையில் ஒரு காதைக் கதவில் வைத்தபடி அவசரமாகத் தொழுகிறேன். வீட்டிலோ, படிப்பு என் ஈமானை, அதாவது இறைநம்பிக்கையை, கெடுத்துவிட்டதாக வாப்பா வருந்துகிறார். பட்டப்படிப்பை விட்டுவிட்டு, பெண்களுக்கான மார்க்க அறிஞர் படிப்பான ஆலிமா படிப்பில் சேர்ந்துவிடலாமா?

பதில்: பட்டப்படிப்பை விடாதீர்கள். குழப்பத்தின் நடுவில் எடுக்கும் இத்தகைய முடிவு, சேரப்போகும் படிப்புக்கும் நியாயம் செய்வதில்லை. தப்பித்து வந்த இடமாகவே அது மனத்தில் தங்கிவிடும்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி: ஓதுவது 12 வயதோடு நின்றது. அதற்குப் பிறகு உயிரியலை ஆண்டுக்காண்டு ஆழமாகப் படித்தீர்கள். மார்க்கத்தைப் பொறுத்தவரை, ஒரு சிறுமிக்குச் சொல்லித்தந்த விடைகளோடு நின்றுகொண்டு, வளர்ந்த பெண்ணின் கேள்விகளை எதிர்கொள்கிறீர்கள். இன்றைய இளைஞர்கள் பலருடைய நிலை இதுதான். ஓதத் தெரியும், பொருள் தெரியாது. ஹலால், ஹராம் பட்டியல் தெரியும், அந்தச் சட்டங்கள் எந்த முறையில் வகுக்கப்பட்டன என்று யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். மிச்சத்தைக் கைபேசியில் வரும் இரண்டு நிமிட பயான்கள் (மார்க்க உரைகள்) நிரப்புகின்றன. அவற்றைப் பேசுபவர்களிடம் எதிர்க்கேள்வி கேட்க வழியில்லை என்பதுதான் பெரிய குறை.

வாப்பாவிடம் பேசும்போது, மார்க்க அறிஞரான இமாம் கஸ்ஸாலியைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். அவர் எழுதிய 'இஹ்யா உலூமித்தீன்' நூலின் முதல் பகுதியே கல்வியைப் பற்றியதுதான். அதில் அவர் மருத்துவத்தையும் கணக்கையும் ஃபர்ளு கிஃபாயா என்கிறார். அதாவது, சமூகத்தில் சிலராவது கற்றாக வேண்டும், ஒருவருமே கற்காவிட்டால் அனைவர் மீதும் குற்றம். அதோடு விடவில்லை. பல ஊர்களில் முஸ்லிம் மருத்துவர் ஒருவர்கூட இல்லாதிருக்க, எல்லோரும் ஃபிக்ஹு எனும் மார்க்கச் சட்டம் படிக்கவே முந்துகிறார்கள் என்று கடிந்துகொள்கிறார். பதவியும் செல்வாக்கும் அந்தப் படிப்பில் கிடைத்ததுதான் காரணம் என்பதையும் ஒளிக்காமல் எழுதுகிறார். 1111ஆம் ஆண்டில் மறைந்தவரின் எழுத்து இது. அவருக்குப் பின் வந்த, 1288இல் மறைந்த இப்னு நஃபீஸ், இஸ்லாமியச் சட்ட மரபுகளில் ஒன்றான ஷாஃபி மத்ஹபின் சட்டம் கற்பித்தவர். இதயத்தின் வலப்பக்க இரத்தம் நுரையீரல் வழியாகவே இடப்பக்கத்தை அடைகிறது என்று எழுதிய மருத்துவரும் அவரே. (இந்தப் பெயர்களை மேடையில் அடுக்கிப் பெருமைப்படுவதோடு நாம் நின்றுவிடுகிறோம்; அதனால் உங்கள் தேர்வுத்தாளுக்கு ஒரு பயனும் இல்லை.)

பரிணாமத்துக்கு வருவோம். அதை முழுமையாக ஏற்கும் முஸ்லிம் அறிஞர்கள் இருக்கிறார்கள். மனிதப் படைப்பை மட்டும் விலக்கிவிட்டு மற்றதை ஏற்பவர்களும், முற்றிலும் மறுப்பவர்களும் இருக்கிறார்கள். இதில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதை இந்தப் பருவத் தேர்வுக்குள் முடிவுசெய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. தேர்வில் கேட்கப்படுவது, அறிவியல் என்ன சொல்கிறது, எந்தச் சான்றைக் கொண்டு சொல்கிறது என்பதே. அதைத் தெளிவாக எழுதுவதால் ஈமான் போய்விடாது. தத்துவவாதிகளை மறுத்து எழுதிய நூலின் முன்னுரையிலேயே கஸ்ஸாலி, கிரகணம் ஏற்படும் விதம் கணக்கால் நிறுவப்பட்டது என்றும், மார்க்கத்தைக் காப்பதாக நினைத்து அதை மறுப்பவர் மார்க்கத்துக்கே தீங்கு செய்கிறார் என்றும் எச்சரிக்கிறார். கிரகணத்துக்குச் சொன்னதை அப்படியே பரிணாமத்துக்குப் பொருத்திவிட முடியாது. மனிதனின் தொடக்கம் குர்ஆன் நேரடியாகப் பேசும் விஷயம். ஆனாலும், மறுப்பதற்கு முன் புரிந்துகொள்ள வேண்டும் என்ற ஒழுங்கு இரண்டுக்கும் பொது.

வகுப்புத் தோழர்களின் விசாரணையைப் பொறுத்தவரை, ஏறத்தாழ 200 கோடி மக்களுக்கு நீங்கள் பேச்சாளர் அல்லர். "எனக்கும் செய்தியில் வந்த அளவுதான் தெரியும்" என்று சொல்லி நகர்ந்துவிடுவது போதும். உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்பவர் மறுபடியும் வருவார். அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

தொழுகையை மறைப்பதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. லுஹர் (நண்பகல் தொழுகை) நேரம் அஸர் (பிற்பகல் தொழுகை) வரை நீடிப்பதால், வகுப்பைத் தவறவிடாமல் உணவு இடைவேளையிலேயே தொழுதுவிடலாம். துறைத் தலைவரிடம் நேரில் சென்று, ஓர் அறையில் பத்து நிமிடம் இருக்க அனுமதி கேளுங்கள். மறுத்தாலும், தோழிகளிடம் பொய் சொல்லும் நிலையாவது மாறும். அவர்களில் ஒருத்தி உங்களுக்காக வாசலில் நிற்கக்கூட முன்வரலாம்.

ஆலிமா படிப்பில் ஆசை இருந்தால், பட்டம் பெற்றபின் தாராளமாகச் சேருங்கள். அதுவரை வாரத்தில் இரு மாலைகளை ஒதுக்கி, ஓர் ஆலிமாவிடம் தஃப்ஸீரும் (குர்ஆன் விளக்கம்) அகீதாவும் (நம்பிக்கைக் கோட்பாடுகள்) முறையாகக் கற்கத் தொடங்கலாம். ஆசிரியரைத் தேர்வதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். முதல் நாளே உங்களைக் குடையும் கேள்வி ஒன்றைக் கேட்டுவிடுங்கள். "இப்படியெல்லாம் கேட்கக் கூடாது" என்று அதட்டினால் வேறொருவரைத் தேடுங்கள். "பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லி, அடுத்த வாரம் கிதாபோடு வந்து உட்காருபவர் கிடைத்தால் விடாதீர்கள். அந்த வகுப்புக்கு ஒருமுறை வாப்பாவையும் அழைத்துச் செல்லுங்கள்.