ஸ்விட்ச் 2: முன்பணம் கட்டுவதற்கு முன் – கேள்வி பதில்

2025 ஏப்ரல் 2ஆம் தேதி இரவு 9 மணிக்கு, நோன்புப் பெருநாள் பலகாரங்கள் வீடுகளில் இன்னும் தீராத நேரத்தில், நிண்டெண்டோ நிறுவனம் ஸ்விட்ச் 2 கருவியை ஒரு மணி நேர ஒளிபரப்பில் விரிவாகக் காட்டியது. கையில் பிடித்தும் தொலைக்காட்சியில் இணைத்தும் விளையாடக்கூடிய இக்கருவி அதே ஆண்டு ஜூன் 5ஆம் தேதி ஜப்பானிலும் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. அந்த ஒளிபரப்பு வந்ததிலிருந்து, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் என் பழுதுபார்க்கும் மேசைக்கு வருபவர்கள் பழுதைப் பற்றிக் கேட்பதை விட இதைப் பற்றிக் கேட்பதே அதிகமாகிவிட்டது. வந்த கேள்விகளுக்கு, 2025 சித்திரைப் புத்தாண்டை ஒட்டிக் கிடைத்த ஓய்வில், கருவி விற்பனைக்கு வருமுன் எழுதிய பதில்கள் இவை; விலைகள் அப்போதையவை.

கேள்வி (செந்தூல்): அண்ணன், விலையைக் கேட்டதும் வயிறு எரிகிறது. இது நியாயமா?

கருவியின் விலையையும் விளையாட்டுகளின் விலையையும் பிரித்துப் பார்க்க வேண்டும், தம்பி. 2017இல் முதல் ஸ்விட்ச் அமெரிக்காவில் 299.99 டாலருக்கு வந்தது, 2025இல் ஸ்விட்ச் 2க்கு அறிவித்தது 449.99 டாலர், அதாவது அப்போதைய மாற்று விகிதத்தில் ஏறத்தாழ 2,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). அதற்கு 7.9 அங்குலத் திரை, 1080பி தெளிவு, நொடிக்கு 120 முறை வரை புதுப்பிக்கும் வேகம், 256 ஜிபி சேமிப்பு, தொலைக்காட்சியில் 4கே வரை காட்டும் திறன் ஆகியவை கிடைக்கின்றன. முதல் கருவியில் 6.2 அங்குலத் திரையும் 32 ஜிபியும் மட்டுமே இருந்தன என்பதை நினைத்தால், இந்த உயர்வை என்னால் ஏற்றுக்கொள்ள முடிகிறது.

என்னால் ஏற்க முடியாதது விளையாட்டின் விலை. மரியோ கார்ட் வேர்ல்ட் அமெரிக்காவில் 79.99 டாலர், நம் பணத்தில் 350 வெள்ளிக்கு மேல். கருவியை ஒருமுறைதான் வாங்குகிறோம், விளையாட்டை ஐந்தாறு ஆண்டுகள் வாங்கிக்கொண்டே இருக்கிறோம். மறுநாள் நடந்த ஒளிபரப்பில் பார்வையாளர்கள் 'விலையைக் குறையுங்கள்' என்று இடைவிடாமல் எழுதிக் குவித்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். கருவியின் உபயோகத்தை விளக்கும் வெல்கம் டூர் என்ற அறிமுக விளையாட்டுக்கும் தனியாகப் பணம் கேட்கிறார்கள். அது பெட்டியோடு இலவசமாக வந்திருக்க வேண்டியது.

கேள்வி (கிள்ளான்): ஜப்பான் செட் மிகவும் மலிவு என்கிறார்கள். லோ யாட் மின்னணு வணிக வளாகத்தில் ஒரு கடைக்காரர் முன்பணம் கேட்கிறார். கட்டலாமா?

தயவுசெய்து கட்டாதீர்கள். இன்று நான் எழுதுவதில் இதை மட்டுமாவது நினைவில் வையுங்கள்.

ஜப்பானில் இரண்டு வகைக் கருவிகள் அறிவிக்கப்பட்டன. ஒன்று 49,980 யென், மற்றொன்று 69,980 யென். இடையே உள்ள 20,000 யென், நம் பணத்தில் ஏறத்தாழ 600 வெள்ளி. மலிவான கருவியின் மெனு முழுவதும் ஜப்பானிய மொழியில் மட்டுமே இருக்கும். வேறு மொழிக்கு மாற்றும் வசதி அதில் கிடையாது. அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு: நாடாக ஜப்பானைத் தேர்ந்தெடுத்திருக்கும் நிண்டெண்டோ கணக்கை மட்டுமே அதில் இணைக்க முடியும். நீங்கள் இதுவரை அமெரிக்கக் கணக்கிலோ ஹாங்காங் கணக்கிலோ பணம் கொடுத்து வாங்கிய விளையாட்டுகள் அக்கணக்கிலேயே தங்கிவிடும், அந்தக் கருவிக்குள் வராது.

பழைய ஸ்விட்சில் இப்படி ஒரு பூட்டு இருந்ததில்லை. எந்த நாட்டுப் பெட்டியை வாங்கினாலும் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டோம். 'ஜப்பான் செட் என்றாலும் ஒன்றுதான்' என்ற அந்தப் பழைய நம்பிக்கையோடு இன்றைக்கும் பலர் பணத்தை நீட்டுகிறார்கள் என்பதே என் கவலை. முன்பணம் கேட்பவரிடம் 'இது ஜப்பானிய மொழிக் கருவியா, பன்மொழிக் கருவியா' என்று கேட்டு, பதிலை ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுதிக் கொடுக்கத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம்.

கேள்வி (ஷா ஆலம்): நான் ரிங் ஃபிட்டில் தினமும் உடற்பயிற்சி செய்கிறேன். புதிய கருவியில் அது ஓடுமா?

ஓடும், சகோதரி, ஆனால் உங்கள் பழைய ஜாய்-கான்களை (கருவியின் இரு பக்கமும் மாட்டும், கழற்றக்கூடிய கைக்கட்டுப்பாட்டுக் கருவிகள்) விற்றுவிடாதீர்கள். புதிய ஜாய்-கான் 2 அளவில் பெரியது. உங்கள் வளையத்தில் பொருந்தாது. பழையவற்றைக் கம்பியில்லாமல் புதிய கருவியோடு இணைத்துப் பயன்படுத்தலாம். கருவியைத் தொலைக்காட்சியோடு இணைக்கும் பழைய டாக் மட்டும் உதவாது.

கேள்வி (ராவாங்): புதிய ஜாய்-கானிலும் ட்ரிஃப்ட் வருமா? கையை எடுத்த பிறகும் மரியோ தானாக நடப்பதைப் பார்த்து வெறுத்துவிட்டேன்.

என் மேசைக்கு மிக அதிகமாக வரும் பழுது இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

சென்ற வாரம் ஒரு இடது ஜாய்-கானைத் திறந்தேன். Y வடிவத் தலை கொண்ட திருகுகளை எடுத்து, ஜாய்ஸ்டிக்கை மூடியிருக்கும் உலோகக் கூட்டைத் தூக்கினால், உள்ளே கருமையான கார்பன் தடம் தெரியும். நீங்கள் விரலை அசைக்கும்போது மெல்லிய உலோகக் கால் ஒன்று அந்தத் தடத்தின் மேல் உரசிக்கொண்டு நகர்கிறது. அது நிற்கும் இடத்தை மின்தடையின் அளவாகக் கருவி படித்துக்கொள்கிறது. அந்த ஜாய்-கானில் தடத்தின் நடுப்பகுதி பளபளப்பாகத் தேய்ந்து, உதிர்ந்த பொடி உலோகக் காலின் நுனியில் படிந்திருந்தது. பஞ்சுக் குச்சியை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்துத் துடைத்தபோது நுனி கறுத்து வந்தது. இப்படிச் சுத்தம் செய்தால் சில வாரங்கள் ஓடும். ஆனால் தேய்ந்த கார்பன் மீண்டும் வளராது. முடிவில் ஜாய்ஸ்டிக்கையே மாற்ற வேண்டும். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெயை இதற்குள் அடித்துவிட்டு என்னிடம் கொண்டுவருபவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள், எண்ணெய் பொடியைக் குழைத்துப் பசையாக்கிவிடும்.

இதற்கு மாற்றாகக் காந்தப்புலத்தை வைத்து இடத்தை அறியும் ஹால் எஃபெக்ட் முறை இருக்கிறது. அதில் இடத்தை அறிவதற்கு உரசல் தேவையில்லை என்பதால் இந்தத் தேய்மானமும் இல்லை. ஸ்விட்ச் 2இல் அதைப் பயன்படுத்துவார்கள் என்று பலரும் எதிர்பார்த்தோம். ஜாய்ஸ்டிக்கை அடியிலிருந்து புதிதாக வடிவமைத்திருக்கிறோம், ஆனால் அது ஹால் எஃபெக்ட் அல்ல என்று நிறுவனத்தின் தரப்பிலேயே சொல்லிவிட்டார்கள். எட்டு ஆண்டுக் காலப் புகார்களுக்குப் பிறகும் இந்த முடிவை எடுத்தது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. ஜாய்-கான் இப்போது காந்தத்தால் கருவியோடு ஒட்டிக்கொள்கிறது என்பது நல்ல மாற்றம். பழைய தண்டவாளத்தில் தேய்ந்துபோகும் பிளாஸ்டிக் கொக்கியை மாற்றி மாற்றியே எனக்கு அலுத்துவிட்டது.

கேள்வி (பெட்டாலிங் ஜெயா): ஜப்பான் செட்டில் பின்னாளில் அப்டேட் கொடுத்து ஆங்கிலம் சேர்ப்பார்களா?

அப்படி எந்த வாக்குறுதியும் தரப்படவில்லை. அதே நாட்டில் 20,000 யென் கூடுதலாக வைத்துப் பன்மொழிக் கருவியைத் தனியே விற்கிறார்கள் என்பதே அவர்களுடைய எண்ணத்தைக் காட்டுகிறது. நம்பி வாங்காதீர்கள்.

கேள்வி (ஜாலான் ஈப்போ): கேம்-கீ கார்டு என்கிறார்களே, உள்ளே விளையாட்டே இல்லாத அட்டையைப் பெட்டியில் போட்டு விற்பது ஏமாற்று வேலை இல்லையா?

பெட்டியின் முகப்பிலேயே அச்சிட்டு விற்பதால் ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த அட்டையில் விளையாட்டின் தரவு இருக்காது. கருவியில் செருகியதும் முழு விளையாட்டும் இணையம் வழியாக இறங்கி உங்கள் சேமிப்பை அடைத்துக்கொள்ளும். அதன் பிறகும் ஒவ்வொரு முறை ஆடும்போதும் அட்டை உள்ளே இருக்க வேண்டும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 இப்படித்தான் வருகிறது. அதே வேளையில் சைபர்பங்க் 2077 போன்ற பெரிய விளையாட்டை 64 ஜிபி அட்டையில் முழுமையாகவே தருகிறார்கள். ஆக, முடியாத காரியம் அல்ல. செலவு செய்ய மனம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கேள்வி (பாயான் லெப்பாஸ், பினாங்கு): இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது? மற்ற கருவிகளில் வட்டைப் போட்டாலும் பதிவிறக்கம் செய்துகொண்டுதானே ஆடுகிறோம்? அட்டையை விற்கலாம், இரவல் தரலாம். முழு டிஜிட்டலை விட இது எவ்வளவோ மேல்.

விற்கலாம், இரவல் தரலாம் என்பது உண்மை. டிஜிட்டலாக வாங்கியதைக் குடும்பக் குழுவில் இருப்பவருக்கு 14 நாள் மட்டுமே இரவல் தர முடியும். கீ கார்டுக்கு அந்த வரம்பு இல்லை. டிஜிட்டலோடு ஒப்பிடும்போது நீங்கள் சொல்வது சரி.

மீண்டும் ஜாலான் ஈப்போ: பினாங்கு நண்பர் வீட்டில் ஃபைபர் இருக்கிறது. என் அண்ணன் குடும்பம் கோல சிலாங்கூர் பக்கம் தோட்டத்தில் இருக்கிறது. அவர் பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாக இந்த அட்டையைக் கொடுத்தால், கைப்பேசி டேட்டாவில் பத்து நாள் இறக்குவானா?

மீண்டும் பாயான் லெப்பாஸ்: தோட்டத்து இணையம் மோசம் என்பதற்கு விளையாட்டு நிறுவனம் என்ன செய்யும்?

இருவருக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதே வாதத்தைக் குறித்து இன்னும் ஆறு பேர் எழுதியிருக்கிறார்கள், மற்ற கேள்விகள் பின்னால் காத்திருக்கின்றன.

இணைய வேகம் இந்த வாதத்தின் ஒரு பகுதிதான். 2023 மார்ச் 27ஆம் தேதி நிண்டெண்டோவின் பழைய கருவிகளான 3டிஎஸ், வீ யூ ஆகிய இரண்டின் இணையக் கடைகளும் மூடப்பட்டன. ஏற்கெனவே வாங்கியவர்கள் மீண்டும் இறக்கிக்கொள்ள இன்றுவரை அனுமதி இருக்கிறது; அது நிறுவனம் தரும் சலுகை, நம் உரிமை அன்று. ஆனால் 1990களில் என் மாமா வாங்கிய கேம் பாய் கேட்ரிட்ஜ் ஒன்று என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதைச் செருகினால், யாருடைய சர்வரையும் கேட்காமல், இன்றும் ஓடுகிறது. 20 ஆண்டுக்குப் பிறகு கீ கார்டு ஒன்றை என்னிடம் கொண்டுவந்து 'ஓடவில்லை, பழுது பாருங்கள்' என்று யாராவது கேட்டால், அந்த அட்டையில் பழுதுபார்க்க எதுவும் இருக்காது. பாயான் லெப்பாஸ் நண்பர் சொல்வது இன்றைய வசதியைப் பற்றியது, ஜாலான் ஈப்போ நண்பர் சொல்வது கையில் தங்கும் பொருளைப் பற்றியது. நான் இரண்டாமவர் பக்கம். அண்ணன் மகனுக்குப் பரிசு வாங்கும்போது பெட்டியின் முகப்பைப் படித்து, முழு விளையாட்டும் அட்டையில் இருப்பதை வாங்கிக் கொடுங்கள். இந்த விவாதத்தை இத்தோடு நிறுத்திக்கொள்வோம்.

கேள்வி (சுபாங்): பழைய மைக்ரோ எஸ்டி கார்டு போதுமா?

போதாது. விளையாட்டுகளைச் சேமிக்க மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் வகை மட்டுமே வேலை செய்யும். பழைய கார்டிலிருந்து நீங்கள் எடுத்த படங்களையும் காணொளிகளையும் மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வாங்கும்போது கார்டைத் திருப்பிப் பார்த்து, தொடுமுனைகள் இரண்டு வரிசையாக இருக்கின்றன என்று திருப்தியடைந்துவிடாதீர்கள். யுஎச்எஸ்-2 கார்டிலும் இரண்டு வரிசை உண்டு, ஆனால் அது இக்கருவிக்கு உதவாது. 'எக்ஸ்பிரஸ்' என்ற சொல்லைத் தேடுங்கள்.

கேள்வி (காஜாங்): இதை ஜெயில்பிரேக் (நிறுவனம் போட்ட மென்பொருள் பூட்டை உடைப்பது) செய்து தருவீர்களா?

செய்து தர மாட்டேன்.

கேள்வி (சிரம்பான்): இதை வாங்குவதா, ஸ்டீம் டெக் வாங்குவதா?

ஸ்டீம் டெக் ஒரு கையடக்கக் கணினி. அது என் துறை அன்று. அதைப் பயன்படுத்துகிற ஒருவரிடம் கேளுங்கள்.

கேள்வி (பட்டர்வொர்த்): மாதம் இருமுறை கே.எல். சென்ட்ரலிலிருந்து இ.டி.எஸ். ரயிலில் ஊருக்கு வருகிறேன். பேட்டரி வீடு வரை தாங்குமா?

பெரிய விளையாட்டு என்றால் தாங்காது. நிறுவனம் சொல்லும் கணக்கு 2 மணி நேரத்திலிருந்து 6.5 மணி நேரம் வரை. உங்கள் பயணமே நான்கு மணி நேரம் பிடிக்கும். பேட்டரி 4,310இலிருந்து 5,220 மில்லியாம்ப்-மணியாகப் பெரிதாகியும் நேரம் கூடவில்லை, ஏனென்றால் திரையும் சிப்பும் அவ்வளவு மின்சாரம் இழுக்கின்றன. 2019இல் வந்த திருத்திய ஸ்விட்ச் 4.5 முதல் 9 மணி நேரம் தாங்கியது. ரயிலில் ஆடுவதே உங்கள் முக்கிய நோக்கம் என்றால், நல்ல பவர் பேங்க்கின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கேள்வி (பூச்சோங்): ஜப்பானில் என் தோழி படிக்கிறாள். அங்கிருந்து மலிவான செட்டை வாங்கி வரச் சொல்லலாமா?

மேலே இரண்டு முறை எழுதிவிட்டேன். மூன்றாவது முறையும் அதே பதில்தான். 49,980 யென் கருவி வேண்டாம். தோழி வாங்கித் தருவதானால் 69,980 யென் கருவியை மட்டும் கேளுங்கள். பெட்டியோடு வரும் இரு முனை பிளக் நம் சுவரில் பொருந்தாது. அடாப்டரின் அடியில் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா எனப் படித்துவிட்டுச் செருகுங்கள்.

கேள்வி (செலாயாங்): என் பழைய ஸ்விட்சுக்கு இப்போது நல்ல விலை தருகிறார்கள். ஜூனுக்கு முன்பே விற்றுவிடலாமா?

விற்காதீர்கள். உங்கள் ஆட்டச் சேமிப்புகள் கேட்ரிட்ஜிலும் இல்லை, எஸ்டி கார்டிலும் இல்லை. அவை அந்தக் கருவியின் உள்நினைவகத்தில் இருக்கின்றன. 2022இல் இப்படி அவசரப்பட்டு விற்ற ஒருவர், மகள் விளையாட்டில் இரண்டு ஆண்டுகளாக வளர்த்த தீவு போய்விட்டது என்று வந்தார். வாங்கியவர் அன்றைக்கே எல்லாவற்றையும் அழித்துவிட்டதால் என்னால் மீட்டுத் தர முடியவில்லை. புதிய கருவி கைக்கு வந்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தரவை மாற்றி, ஒவ்வொரு விளையாட்டையும் திறந்து சேமிப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகு பழையதை அழித்துவிட்டு விற்கலாம். அதற்குள் விலை ஐம்பது, நூறு வெள்ளி இறங்கினாலும் பரவாயில்லை.