பேஸ் கிட்டாரில் ஒலி குழைகிறதா? நோட்டை நிறுத்தும் விரலைக் கவனியுங்கள்

கேள்வி: கல்லூரி ராக் பேண்டில் ஓராண்டாக பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். குயீன் குழுவின் ‘அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்’ பாட்டில் நோட் எல்லாம் சரியாகத்தான் விழுகிறது. ஆனால் மேடையில் கொழகொழவென்று கேட்கிறது. ஆம்ப் எனும் ஒலிபெருக்கியில், தாழ்ந்த ஒலியைக் கூட்டும் பேஸ் நாபை முழுதாகத் திருப்பியும் பலனில்லை. குயீனின் பேஸ் கலைஞர் ஜான் டீக்கன் வைத்திருந்த மாடலையே வாங்கிவிடலாமா? பேஸ் வாசித்துப் பிழைக்க முடியுமா?

பதில்: வாங்க வேண்டாம். டீக்கன் பெரும்பாலும் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ்தான் வாசித்தார். அதை வாங்கி வந்தாலும் இந்தக் குழைவு அப்படியே கூட வரும். கோளாறு நோட்டைத் தொடங்குவதில் இல்லை, நிறுத்துவதில் இருக்கிறது.

அந்தப் பாட்டில் திரும்பத் திரும்ப வரும் ரிஃபின் (சிறு மெட்டுத் துண்டின்) முதுகெலும்பு மூன்று ‘ஈ’ நோட்டுகள், அடுத்து ஒரு இடைவெளி. வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 110 அடி, அதாவது ஒரு அடிக்கு அரை விநாடிக்குச் சற்று மேல். ஒவ்வொரு ‘ஈ’யும் அதில் பாதி நேரம் ஒலித்தால் போதும், மீதிப் பாதி சுத்தமான மௌனம். நீங்கள் அடிப்பது திறந்த தந்தியாக (இடக்கை எங்கும் அழுத்தாத தந்தி) இருந்தால், கையை எடுத்த பிறகும் அது பல விநாடி அதிர்ந்துகொண்டே இருக்கும். போதாததற்கு, ‘ஈ’ தந்தியை அடித்தால் பக்கத்து ‘ஏ’ தந்தியும் தானாக முனகும். இரண்டுக்கும் பொதுவான மேல்சுரம் (நோட்டோடு சேர்ந்து ஒலிக்கும் உயர்ந்த ஒலி) உண்டு. அந்த முனகல்தான் உங்கள் ‘கொழகொழ’.

இரண்டு கையாலும் அடக்க வேண்டும். வலக்கையில் ஆள்காட்டி விரல் அடித்தால், நடுவிரல் உடனே அதே தந்தியில் வந்து அமர்ந்து ஒலியை நிறுத்தட்டும். அடுத்த அடிக்கு அந்த விரல் தயாராகவும் நிற்கும். ‘ஏ’ தந்திக்குப் போகும்போது கட்டைவிரலை பிக்கப்பிலிருந்து (தந்தி அதிர்வை மின்சாரமாக்கும் பகுதி) எடுத்து ‘ஈ’ தந்திமேல் வையுங்கள். இடக்கை விரல்களை அழுத்தாமல் நான்கு தந்திகளின் மேலும் படரவிடுங்கள். இதில் ஒரு விரலை மட்டும் வைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அது 5, 7, 12-ஆவது ஃபிரெட்டுக்கு (கழுத்தில் பதித்த உலோகக் கோடு) நேர் மேலே பட்டால் ஒலி அடங்காது, மணி அடித்தது போல ‘டிங்’ என்று ஹார்மோனிக் கேட்கும். குறைந்தது இரண்டு விரல் தேவை.

மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) 70-இல் வைத்து மூன்று ‘ஈ’யை மட்டும் வாசித்து மொபைலில் பதிவு செய்யுங்கள். எடிட்டிங் ஆப்பில் அலை வடிவத்தைப் பாருங்கள். நோட்டுகளுக்கு நடுவே கோடு தட்டையாக இருந்தால் சரி. வால் நீண்டிருந்தால் விரல் தாமதம். சுத்தமாக வந்த பிறகு ஐந்தைந்தாகக் கூட்டி 110-க்குப் போகலாம்.

அவசரத்துக்கு ஒரு குறுக்குவழி: பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் 7 செ.மீ. நீளத் துண்டு வெட்டி, பிரிட்ஜை (உடல் பக்கம் தந்திகளைத் தாங்கும் பாகம்) ஒட்டித் தந்திகளின் அடியில் செருகுங்கள். பழைய ஃபெண்டர் பேஸ்களில் பிரிட்ஜ் மூடிக்கு அடியில் இதே வேலைக்காகத்தான் ஃபோம் வைத்திருந்தார்கள். லேசாகத் தொட்டால் போதும். அழுத்திச் செருகினால் ‘டப் டப்’ என்று அட்டைப்பெட்டி ஒலி வரும்.

ஆம்ப் விஷயம். திறந்த ‘ஈ’யின் அதிர்வெண் 41 ஹெர்ட்ஸ். சிறிய ஆம்பின் ஸ்பீக்கரால் அதைச் சரியாகத் தர முடியாது. 82 ஹெர்ட்ஸிலிருந்து மேலே உள்ள மேல்சுரங்களை வைத்தே காது அந்த நோட்டை அடையாளம் காண்கிறது. அதனால் பேஸ் நாபை முழுதாகத் திருப்பினால் நோட் தெளிவதில்லை, ஸ்பீக்கர் திணறுவதுதான் மிச்சம். நாபை நடுவுக்குக் கொண்டுவந்து 250 ஹெர்ட்ஸ் அருகே சற்றுக் குறைத்து, 700–800 பக்கம் சற்று ஏற்றுங்கள். தனியாகக் கேட்டால் மூக்கடைத்த ஒலி போலத் தோன்றும். டிரம்ஸும் கிட்டாரும் சேர்ந்தபின் முடிவு செய்யுங்கள்.

விர்ரென்ற ஃபிரெட் உரசல் இருந்தால் அது வேறு கோளாறு. முதல் ஃபிரெட்டையும் கடைசி ஃபிரெட்டையும் ஒருசேர அழுத்தி, 8-ஆவது ஃபிரெட்டில் தந்திக்கு அடியில் இடைவெளி பாருங்கள். 0.3 மி.மீ. சுமார் இருக்க வேண்டும். தந்தி ஃபிரெட்டில் ஒட்டிக்கொண்டு நின்றால் டிரஸ் ராடை (கழுத்துக்குள் ஓடும் உலோகக் கம்பி) கால் சுற்று தளர்த்தி, மீண்டும் டியூன் செய்து அளந்து பாருங்கள். ஒரே மூச்சில் ஒரு முழுச் சுற்று வேண்டவே வேண்டாம்.

பிழைப்பு பற்றி: டீக்கன் 1971-இல் குயீனில் சேர்ந்தபோது லண்டன் செல்சி கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் மாணவர். குப்பைத் தொட்டியில் கிடந்த சர்க்யூட் போர்டை எடுத்து, 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் குட்டி ஆம்ப் ஒன்றைச் செய்தார். குயீனின் கிட்டார் கலைஞர் பிரையன் மே அதைப் பல பதிவுகளில் பயன்படுத்தினார். அதைவிட முக்கியம், அவர் பாட்டும் எழுதினார்: 1975-இல் ‘யூ ஆர் மை பெஸ்ட் ஃபிரெண்ட்’, 1980-இல் நீங்கள் திணறும் இதே பாட்டு, 1984-இல் ‘ஐ வாண்ட் டு பிரேக் ஃப்ரீ’. கூலிக்கு வாசிப்பவருக்குப் பெரும்பாலும் பணம் ஒருமுறைதான். எழுதியவருக்கு ராயல்டி தொடர்ந்து வரும். உங்கள் பேண்ட் சொந்தப் பாட்டு போடத் தொடங்கினால், யார் எழுதியது, யாருக்கு எத்தனை சதவீதம் என்பதைப் பதிவுக்கு முன்பே ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். பாட்டு ஓடிய பிறகு உட்கார்ந்து பேசினால் சண்டைதான்.