முடியை வெட்டி அனுப்பினால் என்ன தெரியும்? – கேள்வி பதில்

முடியை வைத்து உடம்பிலுள்ள தாதுச்சத்தையும் பார உலோகங்களையும் அறியலாமா என்று மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து வந்த கேள்விகளுக்கு, மருத்துவ ஆய்வுகூடத்தில் நீண்டகாலம் வேலை செய்து ஓய்வுபெற்ற அக்கா ஒருவர் தந்த பதில்கள்.

களுவாஞ்சிக்குடி: அக்கா, பிள்ளை கிடைச்சு நாலு மாசம். முடி கொத்துக் கொத்தாக் கொட்டுது. முடியை வெட்டிக் குடுத்தா என்ன சத்துக் குறைவெண்டு எல்லாம் ஒரேயடியாப் பார்த்துச் சொல்றாங்களாம். செய்யட்டா?

காசை மிச்சம் பிடிங்க தங்கச்சி. பிள்ளை பிறந்து மூன்று நாலு மாதத்தில் முடி கொட்டுவது வழமை, பெரும்பாலும் தானாகவே திரும்பி வளரும். டெங்கு வந்து போன பிறகும் இப்படிக் கொட்டும். மனசு கேட்காவிட்டால் இரத்தத்தில் ஹீமோகுளோபின், இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைரொயிட்டுக்கு டிஎஸ்எச் மூன்றையும் பாருங்க.

முடியில் உள்ள கல்சியம் எலும்பிலுள்ள கல்சியத்தைச் சொல்லாது. கிணற்றுத் தண்ணீர் கடினமாக இருந்தாலே முடியில் கல்சியம் ஏறிவிடும். பொடுகு ஷாம்பு சிலவற்றில் சிங்க் இருக்கு, சிலவற்றில் செலீனியம் இருக்கு. அதைப் போட்டுக் குளித்தவருக்கு அந்தச் சத்து நிறைய இருக்கிற மாதிரித்தான் அறிக்கை வரும். இன்னொரு கூத்தும் இருக்கு: சிங்க் கடுமையாகக் குறைந்தால் முடி வளர்வதே மந்தமாகும், அதனால் முடியிலுள்ள அளவு சாதாரணமாக, சிலநேரம் கூடுதலாகக்கூடத் தெரியும்.

ஏறாவூர்: ராத்தா, ரெண்டு இடத்துக்கு அனுப்பினன். ஒண்டுல அலுமினியம் சிவப்பு, மத்ததுல பச்சை. எதை நம்புறது?

இரண்டையும் வேண்டாம். 1985இல் அமெரிக்காவில் ஆரோக்கியமான இரண்டு பிள்ளைகளின் முடியை 13 வணிக ஆய்வுகூடங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். 2001இல் ஒரே ஆளின் முடியைப் பிரித்து ஆறு இடத்துக்கு அனுப்பினார்கள். இரண்டு முறையும் முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. எது சாதாரண அளவு என்பதிலேயே ஆளுக்கொரு கணக்கு. அறிக்கையோடு சத்து மாத்திரைப் போத்தலையும் சேர்த்து விற்கிற இடமென்றால் நான் படியேறவே மாட்டேன்.

வாழைச்சேனை: அப்ப இது முழுக்க ஏமாத்தா? நாங்க கடற்தொழில் செய்ற ஆக்கள், மீன்ல பாதரசம் எண்டு சொல்றாங்களே.

இல்லைத் தம்பி, நீங்க கேட்ட விசயத்துக்குத்தான் முடி நல்ல சாட்சி. மீனிலுள்ளது மெத்தில்பாதரசம். முடியின் புரதத்தில் கந்தகம் இருக்கு, முடி உருவாகும்போது இரத்தத்திலுள்ள பாதரசம் அதைப் பிடித்துக்கொள்ளும். இரத்தத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய 250 மடங்கு முடியில் சேரும். முடி மாதம் ஒரு சென்ரிமீற்றர் அளவில் வளருவதால், வேரிலிருந்து மூன்று சென்ரிமீற்றர் என்றால் கடைசி மூன்று மாதத்துக் கணக்கு.

1971–72இல் ஈராக்கில் விதைக்கென்று மருந்து பூசிக் கொடுத்த கோதுமையைச் சனம் ரொட்டி சுட்டுச் சாப்பிட்டது. அந்த மருந்துதான் மெத்தில்பாதரசம். தாய்மாரின் நீண்ட முடியைத் துண்டு துண்டாகப் பரிசோதித்து, கர்ப்பத்தின் எந்த மாதத்தில் எவ்வளவு உடம்புக்குள் போனது என்று கண்டுபிடித்தார்கள். இரத்தம் அவ்வளவு பழங்கதை சொல்லாது.

எவ்வளவு இருந்தால் பயப்பட வேண்டும் என்பதில்தான் இழுபறி. அமெரிக்கக் கணக்கு மிகக் கவனமானது, ஒரு கிராம் முடிக்கு ஏறக்குறைய 1 மைக்ரோகிராம். நம்மைப் போல நாளாந்தம் கடல்மீன் தின்னும் சீஷெல்ஸ் தீவுத் தாய்மாருக்குச் சராசரி 6, 7 இருந்தது. அவர்களுடைய பிள்ளைகளைப் பல வருடம் பின்தொடர்ந்தும் தெளிவான பாதிப்புத் தெரியவில்லை. திமிங்கில இறைச்சியும் உண்ணும் ஃபாரோ தீவுகளிலோ பிள்ளைகளின் ஞாபகம், கவனம், மொழியில் சிறு பின்னடைவு கண்டார்கள். அதனால் 2, 3 என்று வந்தால் பதறாதீங்க, பெரிய மீனைக் குறையுங்க. கர்ப்பிணிகள் சுறா, தளப்பத்து போன்ற பெரிய மீன்களை விட்டுவிட்டு நெத்தலி, சாளை, கீரி போன்ற சின்ன மீன்களைத் தாராளமாகச் சாப்பிடலாம். மீனையே நிறுத்துவது பிள்ளைக்கு நட்டம்.

நாவற்குடா: வீச்சு வலைக்கு ஈய மணி வீட்டுலதான் உருக்கி ஊத்துறம். சின்னப் பிள்ளைகள் இருக்கு. முடி வெட்டிப் பார்க்கவா?

வேண்டாம், இரத்தம் எடுங்க. ஈயப் புகை முடியின் மேலேயே படியும், உள்ளிருந்து வந்ததா வெளியிலிருந்து ஒட்டியதா என்று கழுவியும் பிரிக்க முடியாது. நாளத்தில் எடுத்த இரத்தத்தில் ஒரு டெசிலீற்றருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்தச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2021இல் வழிகாட்டியது. முடிவு வரும்வரை காத்திராதீங்க. குசினியில் உருக்குவதை இன்றே நிறுத்துங்க. உருக்கிய சட்டியில் பிறகு கறி வைக்கக்கூடாது, உருக்கிய உடுப்போடு பிள்ளையைத் தூக்கக்கூடாது.

காத்தான்குடி: ராத்தா, முகம் வெளுக்கிற கிறீம் மூணு வருசமாப் பூசுறன். அதுலயும் பாதரசமாமே?

சிலவற்றில் இருக்கு. ஆனால் அது மீனிலுள்ள வகையல்ல, சிறுநீரகத்தைத் தாக்கும் வேறு வகை. அதற்குச் சிறுநீர்ப் பரிசோதனைதான் சரி, முடி ஏமாற்றும். பூசுவதை நிறுத்துங்க, கிறீம் டப்பாவையும் டொக்டரிடம் கொண்டு காட்டுங்க. கண்ணுக்குச் சுறுமா போடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: சில சுறுமாவில் ஈயம் இருக்கு, அதற்கு இரத்தம்.

அக்கரைப்பற்று: வயல் வேலை. கிட்னி வருத்தத்துக்கு ஆர்சனிக், கட்மியம் காரணம் எண்டாங்க. முடியில பார்த்தா முன்கூட்டியே தெரியுமா?

வயல் பக்கத்துச் சனத்துக்கு வருகிற அந்தச் சிறுநீரக நோய்க்கு இதுதான் காரணம் என்று இன்னும் முடிவாகவில்லை. உங்களுக்கு வேண்டியது இரத்தத்தில் கிரியாட்டினினும் சிறுநீரில் புரதமும். சிறுநீரகம் எப்படி இருக்கு என்று அவைதான் சொல்லும். கட்மியம் பார்ப்பதென்றால் சிறுநீர். ஆர்சனிக்குக்கு முடியும் நகமும் ஓரளவு உதவும், ஆனால் கழுவுகிற தண்ணீரிலேயே ஆர்சனிக் இருந்தால் அதுவும் முடியில் ஒட்டும். சிறுநீரில் பார்க்கிறவர்கள் முன்னதாகச் சில நாள் நண்டு, இறால், மீன் சாப்பிடக்கூடாது. அவற்றிலுள்ள தீங்கில்லாத ஆர்சனிக் அளவைக் கண்டபடி ஏற்றிவிடும்.

கல்முனை: மகனுக்கு ஓட்டிசம். முடியில பார உலோகம் கூட எண்டு சொல்லி, அதை இழுத்தெடுக்க ஊசி போடணுமாம்.

போடாதீங்க. ஓட்டிசத்துக்கு அந்தச் சிகிச்சையால் பலன் கிடைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. உலோகத்தை இழுக்கும் மருந்து கல்சியத்தையும் சேர்த்து இழுக்கலாம். 2005இல் அமெரிக்காவில் ஓட்டிசம் உள்ள ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று இப்படி ஊசி ஏற்றும்போது கல்சியம் இறங்கி இறந்தது. மருந்தைக் கொடுத்துவிட்டு உடனே சிறுநீர் எடுத்து, 'பாருங்க எவ்வளவு உலோகம்' என்று காட்டுவதும் செல்லாது. அப்படிச் செய்தால் யாருக்கும் அளவு கூடுதலாகத்தான் வரும். மகன் மண், பெயின்ற் வாயில் வைப்பவரென்றால் இரத்தத்தில் ஈயம் பாருங்க, அது நியாயமான பயம். பேச்சுப் பயிற்சியை மட்டும் இடையில் விட்டுவிடாதீங்க.

மட்டக்களப்பு: மீன் பாதரசம் பார்க்க டொக்டர் சொன்னவர். மாமாங்கம் கோயில்ல நேர்த்திக்கு மொட்டை போட்டாச்சே!

அவசரமென்றால் இரத்தம் போதும், மீன் பாதரசம் அதில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 50 நாள் பிடிக்கும். அவசரமில்லையென்றால் மூன்று மாதம் வளர விடுங்க. சாயம் பூசாமல், பிடரிப் பக்கத்தில் தோலோடு ஒட்டி வெட்டச் சொல்லி, வேர்ப்பக்கம் எது என்று நூலால் கட்டிக் கொடுங்க.