சிசேரியன் ஆகி 6-ஆம் நாள் காய்ச்சல்: பால் ஜுரம் என்று காத்திருக்கலாமா?

கேள்வி: என் மகளுக்குச் சிசேரியன் ஆகி இன்றோடு 6 நாள். நேற்றுச் சாயங்காலம் குளிர் நடுக்கத்தோடு 101 டிகிரி காய்ச்சல் வந்தது. பாராசிட்டமால் 650 கொடுத்தால் இறங்குகிறது, 5 மணி நேரத்தில் மறுபடி ஏறுகிறது. மார்பில் பால் கட்டியிருக்கிறது, அது பால் ஜுரம்தான் என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். தையல் பிரிக்க நாளை மறுநாள் வரச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை காத்திருக்கலாமா? 7 மாதக் கர்ப்பிணியான மருமகளும் இதே வீட்டில் இருக்கிறாள். அவள் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: காத்திருக்க வேண்டாம். இன்றே, இப்போதே அழைத்துப் போங்கள். தையல் பிரிக்கும் தேதிக்கும் இந்தக் காய்ச்சலுக்கும் சம்பந்தமில்லை.

பால் ஜுரம் என்று ஒன்று இருப்பது உண்மைதான். பால் ஊறத் தொடங்கும் 2-ஆம் நாளிலிருந்து 4-ஆம் நாளுக்குள் அது வரும். இரண்டு மார்பும் ஒரே மாதிரி கல்லாகக் கட்டிக்கொள்ளும். குழந்தை குடித்தோ, பீய்ச்சி எடுத்தோ மார்பு இளகியதும் காய்ச்சல் தானாக இறங்கிவிடும். ஒரு நாளைத் தாண்டி நீடிக்காது. உங்கள் மகளுக்கோ 5-ஆம் நாள் வந்து 6-ஆம் நாளும் தொடர்கிறது, குளிர் நடுக்கம் இருக்கிறது, மாத்திரையின் வேகம் குறைந்ததும் திரும்ப ஏறுகிறது. பிள்ளை பெற்ற 42 நாட்களுக்குள் 100.4 டிகிரியைத் தொடும் எந்தக் காய்ச்சலையும், வேறு காரணம் உறுதியாகும்வரை தொற்றாகவே கொள்ள வேண்டும்.

மாத்திரைக்கு இறங்குகிறதே என்ற ஆறுதலும் வேண்டாம். பாராசிட்டமால் உடம்புச் சூட்டை மட்டும்தான் குறைக்கும். கிருமி உள்ளே பெருகிக்கொண்டேதான் இருக்கும். சாதாரண வைரஸ் காய்ச்சலும் அதற்கு இறங்கும், கர்ப்பப்பையில் சீழ் பிடித்த காய்ச்சலும் இறங்கும்.

வண்டி வருவதற்குள் 5 நிமிடத்தில் முடியும் ஒரு வேலை இருக்கிறது. மகளைச் சாய்ந்து படுக்கச் சொல்லுங்கள். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் உங்கள் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து முழுதாக 60 வினாடி நாடியை எண்ணுங்கள். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டாம். பிறகு கையை எடுக்காமல், இன்னும் நாடி பார்ப்பது போலவே வைத்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதை அடுத்த 60 வினாடி எண்ணுங்கள். மூச்சை எண்ணுகிறார்கள் என்று தெரிந்தாலே யாருக்கும் மூச்சு மாறிவிடும் என்பதால்தான் இப்படி. ஓய்வாக இருப்பவருக்கு மூச்சு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருக்கும். 24-க்கு மேல் போனாலோ, நாடி 120-ஐத் தாண்டினாலோ 108-ஐ அழையுங்கள், ஆட்டோவோ பைக்கோ வேண்டாம். காய்ச்சல் இருக்கும்போது நாடி கொஞ்சம் வேகமாகத்தான் ஓடும். ஆனால் மாத்திரை போட்டு உடம்பு குளிர்ந்த பிறகும் 110-க்குக் கீழே வரவில்லை என்றால் தொற்று ரத்தத்தில் பரவியிருக்கலாம்.

பேச்சு குழறுவது, ஆளை அடையாளம் தெரியாமல் விழிப்பது, கை கால் சில்லிடுவது, 6 மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காதது, உடம்புச் சூடு 96.8 டிகிரிக்குக் கீழே போவது எல்லாமே அவசரம்தான். கடைசியாகச் சொன்னதைப் பலர் காய்ச்சல் விட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள். தொற்று முற்றிய நிலையில் சூடு இப்படி விழுவது உண்டு.

தொற்று எங்கே இருக்கும்? முதல் சந்தேகம் கர்ப்பப்பையின் உட்சுவர் மீது. நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடம் பிரசவத்துக்குப் பின் திறந்த புண்ணாகவே இருக்கும். சிசேரியனில் தொற்றுக்கான வாய்ப்பு சுகப்பிரசவத்தைவிட 5 முதல் 20 மடங்கு. அறுவைக்கு முன் போடும் ஆன்டிபயாடிக் ஊசி அதைப் பெரிதும் குறைக்கும், இல்லாமல் ஆக்கிவிடாது. அதனால் 'ஆஸ்பத்திரியிலேயே ஊசி போட்டாச்சே' என்று இருந்துவிடக் கூடாது. அடிவயிற்றைத் தொட்டால் வலி, உதிரப்போக்கில் துர்நாற்றம், வெளிறத் தொடங்கிய உதிரம் மறுபடி சிவப்பாகி அதிகரிப்பது ஆகியவை இதற்கு அடையாளம்.

அடுத்தது தையல் போட்ட இடம். சுற்றிலும் சிவந்து சூடாக இருக்கிறதா, நீரோ சீழோ கசிகிறதா என்று பாருங்கள். தோல் கருநீலமாக மாறினாலோ, கொப்புளம் கிளம்பினாலோ, பார்வைக்கு ஒன்றும் தெரியாமல் வலி மட்டும் தாங்க முடியாமல் இருந்தாலோ மணிக்கணக்கில் பரவக்கூடிய தொற்று அது. விலாவுக்குக் கீழே முதுகுப்பக்கம் வலியும் சிறுநீர் எரிச்சலும் இருந்தால் சிறுநீரகம். ஒரு மார்பில் மட்டும் ஒரு பகுதி சிவந்து, சூடாக, கெட்டியாக இருந்தால் மார்புத் தொற்று.

இன்னொன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டில் யாருக்காவது, குறிப்பாகப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு, கடந்த ஒரு வாரத்தில் தொண்டை வலி இருந்ததா? தொண்டையில் சாதாரணமாக வந்து போகும் ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி, கை வழியாகப் பிரசவமான பெண்ணின் பிறப்புறுப்பை அடைந்தால் ஒரே நாளில் உயிருக்கு ஆபத்தாகும். பல சமயம் உதிரத்தில் நாற்றமே இருக்காது. கடும் வயிற்று வலி, வாந்தி, பேதி என்று தொடங்குவதால் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துவிடுவார்கள். தொண்டை வலி இருந்திருந்தால் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மருந்துத் தேர்வே மாறக்கூடும். அந்தக் கிருமி கக்கும் நச்சைத் தடுக்க கிளிண்டாமைசினும் சேர்த்துக் கொடுப்பார்கள்.

மருத்துவமனையில் முதல் வாக்கியமே 'சிசேரியன் ஆகி 6 நாள், குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், நாடி இவ்வளவு, மூச்சு இவ்வளவு' என்று இருக்கட்டும். வெறும் 'காய்ச்சல்' என்றால் பொது வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை மறக்காதீர்கள். கடைசியாக மாத்திரை போட்ட நேரத்தையும் எழுதி எடுத்துப் போங்கள், இல்லையென்றால் அங்கே பார்க்கும்போது 99 டிகிரிதான் இருக்கும். பிரசவம் பார்த்த இடத்தில் இரவில் டாக்டர் இல்லையென்றால், சீமாங் மையம் (தாய்க்கும் பச்சிளம் குழந்தைக்குமான அவசர சிகிச்சை மையம்) உள்ள அரசு மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். அறுவை அரங்கு 24 மணி நேரமும் இருக்கும்.

ஆன்டிபயாடிக் கொடுக்கும் முன் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, ரத்தம் எடுப்பார்கள். சலைன் ஏற்றுவார்கள். ரத்தத்தில் லாக்டேட் பார்ப்பார்கள். 2-க்கு மேல் போனால் உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் போதவில்லை என்ற எச்சரிக்கை. செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்படும் நிலை) என்ற சந்தேகம் வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் நரம்பில் ஏறிவிட வேண்டும். கல்ச்சர் முடிவுக்காக அதை நிறுத்தி வைக்கக் கூடாது. கர்ப்பப்பையில் நஞ்சுக்கொடித் துண்டு தங்கியிருக்கிறதா, உள்ளே சீழ் கட்டியிருக்கிறதா என்று ஸ்கேனில் தேடுவார்கள். இருந்தால் எடுத்தே ஆக வேண்டும், மருந்து மட்டும் போதாது. ஒரு விஷயம்: வெள்ளை அணுக்கள் பிரசவத்தின்போதும் அடுத்த சில நாட்களும் இயல்பாகவே கூடும், 20 ஆயிரத்தைக்கூடத் தாண்டலாம். அந்த எண்ணை மட்டும் வைத்துப் பயப்படவும் முடியாது, நிம்மதி அடையவும் முடியாது. நாடியும் மூச்சும் ரத்த அழுத்தமும்தான் நம்பகமானவை.

மெடிக்கல்ஸில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அரைகுறை மருந்து கிருமியைக் கொல்லாது, கல்ச்சரில் எதுவும் வளராமல் மட்டும் செய்துவிடும். எந்த மருந்து வேலை செய்யும் என்று கண்டுபிடிக்கும் வழி அடைபட்டுப்போகும்.

வீடு திரும்பிய பிறகு பத்திய முறையில் இரண்டை விட்டுவிடுங்கள். தண்ணீர் குடித்தால் வயிறு போடும், தையல் சீழ் பிடிக்கும் என்று தண்ணீரை அளந்து கொடுப்பது முதலாவது. இதனால் சிறுநீர் தேங்கித் தொற்று வரும், பாலும் குறையலாம். சிறுநீர் குறைந்தால் அது நோயாலா, தாகத்தாலா என்று டாக்டருக்கும் புரியாது. தாகத்துக்குத் தகுந்தபடி நிறையக் குடிக்கட்டும். இரண்டாவது, வயிற்றை இறுக்கிக் கட்டும் துணி. தையலின் மேல் வியர்வை ஊறி நனைந்தே கிடக்கும். சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, சுத்தமான துணியால் ஒற்றி எடுத்துக் காற்றாட விட்டால் போதும். மஞ்சளோ எண்ணெயோ பவுடரோ வேண்டாம். நாப்கினை 4 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றட்டும். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும். மாற்றிவிட உதவுபவருக்கும் இது பொருந்தும்.

தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. வழக்கமாகக் கொடுக்கும் ஆன்டிபயாடிக்குகளில் பெரும்பாலானவை குழந்தைக்குப் பாதுகாப்பானவை. மார்பிலேயே தொற்று என்றாலும் அந்தப் பக்கம் குடிக்கலாம், குடிக்காமல் விட்டால்தான் சீழ் கட்டும். குழந்தையையும் கூடவே கூட்டிப் போங்கள். பால் குடிக்க மறுத்தாலோ, துவண்டு கிடந்தாலோ, மூச்சு நிமிடத்துக்கு 60-ஐ எட்டினாலோ உடனே குழந்தை மருத்துவர் பார்க்க வேண்டும்.

மருமகளுக்கு: மகளுக்கு உதவுபவர்கள் கையைக் கழுவிவிட்டுத்தான் அவளைத் தொட வேண்டும். அவளுக்கே தொண்டை வலி வந்தால், மகளின் காய்ச்சலையும் சேர்த்து டாக்டரிடம் சொல்லட்டும். கர்ப்ப காலத்தில் சிறுநீர்த் தொற்று எரிச்சலே இல்லாமலும் இருக்கலாம், கவனிக்காவிட்டால் சிறுநீரகத்துக்கு ஏறலாம். பெரும்பாலும் வலது பக்கம்தான் வலிக்கும். இதுவரை சிறுநீர் கல்ச்சர் எடுக்கவில்லை என்றால் அடுத்த செக்கப்பில் கேட்டு எடுக்கச் சொல்லுங்கள். பனிக்குடம் உடைந்து நீர் கசிந்தால், வலி வரட்டும் என்று வீட்டில் இருக்க வேண்டாம். மணி ஏற ஏறக் கிருமி மேலே போகும், 18 மணி நேரத்தைத் தாண்டினால் தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து கூடும். மழை, குளிர் மாதங்களில் காய்ச்சல் வந்தால் டெங்குவோடு ஸ்க்ரப் டைஃபஸையும் (சிறு பூச்சி கடித்து வரும் காய்ச்சல்) சோதிக்கச் சொல்லுங்கள். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில் சிகரெட்டால் சுட்டது போன்ற கருத்த பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். வலிக்காது என்பதால் அவளுக்கே தெரியாமல் இருக்கும். கர்ப்பிணிகளுக்கும் ஏற்ற மருந்து அஸித்ரோமைசின், சீக்கிரம் தொடங்கினால் ஓரிரு நாளில் காய்ச்சல் விடும்.