பதில்: பழைய எம்பி3-களை ஃப்ளாக்காக மாற்றலாமா?

128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) எம்பி3-களை, ஒலியை இழக்காம சுருக்குற ஃப்ளாக் கோப்பா ஆக்கினால் தரம் கூடுமா என்று கேட்டிருக்கீங்க. கூடாதுங்க. எம்பி3 ஆக்கும்போது ஒலியில் வெட்டிப்போட்டது போனதுதான். கோப்பு மட்டும் பல மடங்கு வீங்கும். சந்தேகமிருந்தா ஆடாசிட்டிங்கிற ஒலி எடிட்டிங் மென்பொருளில் திறந்து ஸ்பெக்ட்ரோகிராம் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலின்னு காட்டுற படம்) பாருங்க: பெரும்பாலும் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே மொட்டையா இருக்கும். ஃப்ளாக்கிலும் அதே மொட்டைதான்.

அப்பாவோட கச்சேரி சிடிக்கள் பரண்ல இருக்குன்னு போகிறபோக்கில் சொல்லிட்டீங்களே, புதையலே அதுதான்! எக்ஸாக்ட் ஆடியோ காப்பிங்கிற சிடி நகலெடுக்கும் மென்பொருளில் நேரா ஃப்ளாக்கா எடுங்க. 74 நிமிட சிடி, சுருக்காத வேவ் கோப்பா 700 மெகாபைட்டைத் தாண்டும். ஃப்ளாக்கில் ஏறக்குறைய பாதிதான், அதுவும் ஒரு பிட்கூட இழக்காம. ராகம், பாடகர் பெயரையெல்லாம் டேகில் (கோப்புக்குள்ளேயே இருக்கும் விவரக் குறிப்பில்) எழுதிக்கலாம். இன்னொண்ணு, கீர்த்தனை முடிஞ்சு தனியாவர்த்தனம் அடுத்த டிராக்கா ஓடும் இடத்தில் எம்பி3 சில பிளேயர்களில் லேசா விட்டுவிட்டுக் கேக்கும். எம்பி3 கோப்போட முன்னும் பின்னும் சேர்கிற வெற்று ஒலிதான் காரணம். ஃப்ளாக்கில் அது கிடையாது.

கார் ஸ்டீரியோ எம்பி3 மட்டும்தான் எடுக்கும்னீங்க. அந்த ஃப்ளாக்கிலிருந்தே 320 கேபிபிஎஸ் எம்பி3-யா ஒரு நகல் போட்டுக்கங்க. ஓடுற கார்ல ரெண்டுக்கும் வித்தியாசம் கேக்குதுன்னு சொல்றவங்களை நான் நம்புறதில்லை. ஃப்ளாக் மூலத்தை மட்டும் இன்னொரு ஹார்டு டிஸ்க்லயும் போட்டு வைங்க.